‘சும்மா’வுக்கு ஒரு கட்டம்

குறுக்கே ஆறு கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். நெடுக்கே ஆறு வரிசைகள். மேல் வரிசை முதலாளி பார்க்கிற பார்வை, கீழ் வரிசை கம்ப்யூட்டர் பார்க்கிற பார்வை. மொத்தம் முப்பத்தாறு கட்டங்கள். ஒரு கம்பெனியின் எல்லா வேலைகளையும் இவற்றுக்குள் எழுதிவிட்டால், அதற்கு எந்த மென்பொருள் வேண்டும், எது எதோடு பேச வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன் என்ற கர்வம் வேறு எனக்கு அப்போது நிறைய இருந்தது.

2001இல் பெங்களூரில், பீன்யாவில் இருந்த ஒரு வால்வு தொழிற்சாலைக்கு என்னை அனுப்பினார்கள். அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்த சேஷகிரிதான் முதலாளி. கொள்முதல் முதல் லாரி ஏற்றுவது வரை ஒரே மென்பொருளில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதலில் கட்டங்களை நிரப்புவோம், பிறகு மென்பொருளைப் பற்றிப் பேசுவோம் என்று எங்கள் மேனேஜர் வீணா சொன்னதற்கு, அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எந்த வேலைக்கு ‘ஏன்’ கட்டம் காலியா இருக்கோ, அந்த வேலை புது சிஸ்டத்துல இருக்கக் கூடாது. அதுக்கு ஆளும் வேண்டாம்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் நோட்டும் கையுமாக ஷெட் ஷெட்டாக அலைந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். முதல் இரண்டு நாள் பெரிய கூத்து. நான் தமிழில் “ஏன்?” என்று கேட்டால், கன்னடக்காரர்கள் காதில் அது அவர்களுடைய ‘ஏனு’வாக, அதாவது “என்ன?” என்று விழும். “இந்தப் பூச்சு ஏன்?” என்று கேட்டால், “பச்சை பெயின்ட் சார்” என்று பதில் வரும். மூன்றாம் நாளிலிருந்து ‘யாக்கே’ என்று கன்னடத்திலேயே கேட்கத் தொடங்கினேன். இதே ஊரில், மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்ற இரண்டு நாள் ஆனது வெட்கக்கேடுதான்.

சோதனைக்கும் பேக்கிங்குக்கும் நடுவே ஒரு நீளமான அறை. எண்ணெய் அழுத்தத்தில் சோதித்த வால்வுகளை அங்கே நீள மேசைகளில் அடுக்கி, ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் பேக்கிங்குக்கு அனுப்புவார்கள். அந்த அறைக்கு ஜோசஃபின் பொறுப்பு. சிவாஜிநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். வீட்டுக்குள் வருகிற சம்பளம் அவருடையது மட்டும்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன்.

“நீங்க இங்க என்ன வேலை செய்றீங்க, மேடம்?”

“வால்வு வந்தா அடுக்குவேன் சார். மறுநாள் எடுத்து அனுப்புவேன்.”

“நடுவுல?”

“நடுவுல ஒண்ணும் இல்ல சார். சும்மா பாத்துக்கிட்டு இருப்பேன்.”

“எதுக்கு ஒரு நாள் வைக்கணும்?”

“தெரியல சார். பதினோரு வருஷத்துக்கு முன்ன நான் சேந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. எண்ணெய் வடியறதுக்குன்னு சொல்லுவாங்க.”

எண்ணெய் வடிய ஒரு மணி நேரம் போதும் என்று சோதனைப் பிரிவில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆகவே ‘எப்படி’ என்ற கட்டத்தில் ‘செயல் எதுவும் இல்லை’ என்று எழுதினேன். ‘ஏன்’ கட்டத்தைக் காலியாக விட்டேன். அதன் விளைவு என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாது. என் கேள்விகளுக்குப் பதில் சொன்ன கையோடு எனக்குக் காப்பியும் வாங்கி வந்து கொடுத்தார்.

அடுத்த மாதம் அறிக்கை போய்ச் சேர்ந்தது. ‘ஏன்’ கட்டம் காலியாக இருந்த வேலைகள் மொத்தம் ஏழு. ஆறில் வெறும் காகிதம்தான் போகும். ஏழாவதில் ஓர் ஆள் போக வேண்டும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம், அதில் முடிவு என்றார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ‘என்ன’ என்ற கட்டத்துக்காக ஸ்டோர்ஸ் பட்டியலைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் கண் நின்றது. வெள்ளைச் சாக்பீஸ், மாதம் ஒரு பெட்டி. வாங்கிக்கொள்வது ஜோசஃபின்.

ஒன்றுமே செய்யாதவருக்குச் சாக்பீஸ் எதற்கு?

வீணாவுக்குப் போன் செய்தேன். “பத்ரி, சாக்பீஸுக்கெல்லாம் கட்டம் கிடையாது. ரிப்போர்ட் போயாச்சு, பேசாம விடு” என்றாள். விட முடியவில்லை. எனக்கு இது ஒரு வியாதி. பல்லிடுக்கில் மாட்டிய நார் போல அந்தச் சாக்பீஸ் என்னைப் படுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே போய் அந்த அறை வாசலில் நின்றேன். ஜோசஃபின் முதல் நாள் அடுக்கிய வால்வுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே போனார். தூக்குவார், பார்ப்பார், வைப்பார். ஒன்றில் மட்டும் நின்று, குனிந்து, விரலால் தாளைத் தொட்டார். பிறகு மேலாடைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து வால்வின் மேல் ஒரு வட்டம் போட்டுத் தனியே வைத்தார்.

“என்ன பண்றீங்க?”

திடுக்கிட்டுத் திரும்பினார். “ஒண்ணும் இல்ல சார். சும்மா பாக்குறேன்.”

“அந்த வட்டம்?”

“இது சரியில்ல சார். இங்க பாருங்க. வாய்ப்பக்கம் தாள் நனைஞ்சிருந்தா அது வடிஞ்ச எண்ணெய், பரவாயில்ல. இது வயித்துக்கு நேர் கீழ நனைஞ்சிருக்கு. ஒடம்புலயே எங்கயோ ஊசி ஓட்டை இருக்கு. மெஷின் ரெண்டு நிமிஷம்தான அழுத்திப் பாக்குது, அதுல தெரியாது. ராத்திரி முழுக்க இருந்தா மெதுவாக் கசியும்.”

“இதை யார்கிட்ட சொல்வீங்க?”

“ஃபிட்டர் ஓஸ்வால்ட்கிட்ட குடுத்துருவேன். அவரு ஒடைசலோட போட்டுட்டு வேற ஒண்ணு குடுத்துருவாரு. எதுக்கு எழுதிக்கிட்டு, வார்ப்படப் பசங்களுக்குத் திட்டு விழும்.”

எனக்குக் காது சுட்டது. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. வேலைக்குப் போகிறீர்களா என்று யாராவது கேட்டால் “சும்மா போயிட்டு வரேன்” என்பார் என் அப்பா. போய் வந்தது நாற்பது வருடம் அரசாங்க உத்தியோகம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன், ‘சும்மா’ என்றால் ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதினோரு மணி வரை காத்திருக்கவில்லை. சேஷகிரியின் அறைக்கே போய், “சார், ஒரு அஞ்சு நிமிஷம் கீழ வாங்க” என்றேன். கூட்டத்துக்கு வந்திருந்த வீணா என்னை முறைத்தாள். அவளும் பின்னாலேயே வந்தாள்.

அன்றைக்கு நாற்பத்தெட்டு வால்வுகளில் மூன்றுக்கு வட்டம் விழுந்திருந்தது. சேஷகிரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். தாளில் காசளவு ஈரம். வால்விலிருந்த சீட்டைப் படித்தார். சந்தாபுரா பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலை, பாய்லர் அறை. கொதிநீராவி போகிற குழாய். பக்கத்தில் ஆட்கள் நின்று வேலை செய்கிற இடம். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். வால்வை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இந்த ஒரு நாளை யாரும் தொட வேண்டாம்” என்றார் வீணாவிடம். “இவங்க இங்கயேதான் இருப்பாங்க. இன்னும் ஒரு ஆள் கூடச் சேத்து இவங்க கத்துக் குடுக்கட்டும்.”

அப்போதுதான் ஜோசஃபினுக்குப் புரிந்தது, இன்று காலை வரை தன் தலைக்கு மேல் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

சேஷகிரிக்குப் பயம் தெளிந்து கோபம் வந்திருந்தது. “ஏன்ரீ ஜோசஃபின், பதினோரு வருஷம்! ஒருத்தர்கிட்டயாவது இதச் சொல்லியிருக்க வேண்டாமா?”

“யாரும் கேக்கல சார்.” கொஞ்சம் யோசித்து என் பக்கம் கை காட்டினார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நன்றிதான் இருந்தது. “இந்த சார்தான் மொதமொதலா வந்து கேட்டாரு, போன மாசம். நானும் பாக்குறேன்னு சொன்னேன். அவரும் எழுதிக்கிட்டாரு.”

சேஷகிரி என் பக்கம் திரும்பினார். “என்ன எழுதினீங்க?”