மப்ளருக்குள் ஒரு ஃபிலிம்

முப்பத்தைந்து வருடமாக ஊரையே "கொஞ்சம் சிரிங்க" என்று அதட்டிச் சிரிக்கவைத்தவர் ஸ்டுடியோக்காரர். சொந்தப் பேத்தி தானாகச் சிரித்தபோது மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

குழந்தைக்கு மூன்று மாதம். மகள் தூக்கிக்கொண்டு வந்து பத்து நாளாகிறது, ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவாள். தாத்தா இன்னும் குழந்தையைத் தொடவில்லை. தொண்டைக் கட்டிக்காக அவருக்கு மருத்துவமனையில் கதிர்வீச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது தடவையில் இருபத்தாறு முடிந்திருந்தது. அத்தனையும் உள்ளே சேர்ந்து தானே ஒரு எக்ஸ்ரே மெஷின் ஆகிவிட்டதாக அவர் முடிவு கட்டியிருந்தார். வெளியில் சொல்லவில்லை. சளி, இருமல், கை அழுக்கு என்று தினம் ஒரு சாக்கு.

"பொண்ணாப் பொறந்துட்டாளேன்னு அப்பாவுக்குப் பிடிக்கலையோ?" என்று மகள் அம்மாவிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. கழுத்துத் தோல் எரிந்ததைவிட அது அதிகமாக எரிந்தது.

கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாத தொழில் அவருடையது. எக்ஸ்ரே பட்டால் ஃபிலிம் கறுக்கும் என்று தெரியும். ஸ்டுடியோ பீரோவின் அடியில் பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஒரு பெட்டி கிடந்தன. இருட்டறையில் ஒரு துண்டு வெட்டி, கறுப்புத் தாளில் வெளிச்சம் புகாமல் சுற்றி, மப்ளருக்குள் செருகிக் கழுத்தில் கட்டிக்கொண்டார். மண்டையைப் பிளக்கும் வெயில்.

"என்ன, பனிமலைக்குப் பயணமா?" என்றாள் மனைவி.

"தொண்டைக்குக் கதகதப்பா இருக்கட்டும்னுதான்."

"அப்படியே மூளைக்கும் ரெண்டு சுத்து சுத்திக்கோங்க."

சாயங்காலம் ஃபிலிமைக் கழுவினார். கண்ணாடி மாதிரி இருக்கவேண்டியது, மழைமேகமாக இருண்டு வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கோ பேய் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டது.

மறுநாள் ஃபிலிமைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அங்கே மெஷினை இயக்கும் பெண்ணுக்கு அவர் வைத்திருந்த பெயர் முகமூடி மேடம். அவர் முகத்தின் அளவுக்கே வார்த்த வலை முகமூடியை மாட்டி, தலை அசையாமல் மேஜையோடு பூட்டுகிறவள் அவள்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தாடையைத் திருப்பிவைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் அவருக்கு உண்டு. இவள் மயிரிழை கணக்கில் திருப்புவதைப் பார்த்த முதல் நாளே அந்தக் கர்வம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

"மேடம், நான் கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க மட்டும் ஏன் கதவைச் சாத்திட்டு வெளிய ஓடுறீங்க?"

"மெஷினுக்குப் பயந்துதான் சார், உங்களுக்குப் பயந்து இல்ல. மெஷின் நின்னதும் முதல்ல உங்க தலையைத் தொடுறது யாரு? நீங்க ஃப்ளாஷ் அடிச்ச ஆளுங்க வீட்டுக்குப் போயும் மின்னிக்கிட்டா இருக்காங்க?"

அவர் ஃபிலிமை எடுத்து நீட்டினார். பேத்தியைத் தொடாமல் இருப்பதையும், ஃபிலிமை எப்படி எடுத்தது என்பதையும் சொன்னார். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல சோதனை சார். ஆனா பாதிதான் செஞ்சிருக்கீங்க."

"மீதி?"

"உங்க பக்கமே வராத ஃபிலிமையும் கழுவிப் பார்க்கணும்ல? கதிர்வீச்சு மருந்தையே உடம்புக்குள்ள கொடுத்தா, சிலரைக் கொஞ்ச நாள் குழந்தைகிட்ட போகாதீங்கன்னு நாங்களே சொல்வோம். உங்களுக்கு வெளியிலிருந்து அடிக்கிறதுதான், எதுவும் தங்காது. எங்ககிட்ட அளக்கிற மீட்டரும் இருக்கு. அது சொன்னா நம்புவீங்களா?"

"ஆஸ்பத்திரி மீட்டர் ஆஸ்பத்திரி பேச்சைத்தானே பேசும்."

"தெரியும். அதான் உங்க கண்ணையே சாட்சிக்குக் கூப்பிடுறேன்."

மதியம் சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல், இரண்டு தெரு தள்ளியிருந்த ஸ்டுடியோவுக்கு நடந்து வந்தாள். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதைச் சரிபார்க்க இவ்வளவு மரியாதையோடு யாரும் வந்ததில்லை. அதே சுருள். அவர் நேற்று வெட்டிய நுனியை விட்டு, நடுவிலிருந்து ஒரு துண்டு. இருட்டறையில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

"சார், ஒண்ணு சொல்லவா?"

"சொல்லுங்க."

"இந்தக் கும்மிருட்டுல நீங்க மினுங்கவே இல்ல."

பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. தொண்டை வலித்தது, இருந்தாலும் சிரித்தார்.

கழுவி முடித்து விளக்கைப் போட்டார். புதுத் துண்டும் அதே மழைமேகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் இரட்டைப் பிள்ளைகள். அவள் பெட்டியைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். காலாவதித் தேதி முடிந்து பத்தொன்பது வருடம்.

பழைய ஃபிலிம் தானாகவே மங்கும் என்று ஊரிலுள்ள கல்யாண போட்டோக்காரர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர்தான். பயம் வந்தால் தொழில்கூட மறந்துபோகும் போலிருக்கிறது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"ஃபிலிமைப் பார்த்ததும் சந்தேகம். நான் சொல்லியிருந்தா தலையாட்டிட்டு, மறுபடியும் மப்ளர் கட்டியிருப்பீங்க." வாசலில் திரும்பினாள். "பேத்திகிட்ட போறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. அது கதிர்வீச்சுக்கு இல்ல, இந்தக் கெமிக்கலுக்கு."

வீட்டில் மகள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை அவர் நீட்டினார்.

"கொடும்மா."

"சளி?"

"அது எல்லாம் என் மண்டையில இருந்த சளி. நானே மெஷின் ஆயிட்டேன்னு நினைச்சு ஒதுங்கி நின்னேன். பொண்ணாப் பொறந்ததுக்கு இல்லம்மா, அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

மகள் குழந்தையைக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள்.

"வெளிச்சம் உனக்குப் பின்னாடி இருக்கணும். கையை ஆட்டாத" என்று அதட்டினார்.

"அப்பா, கொஞ்சம் சிரிங்க."

படம் ஆடிப்போய்த்தான் வந்தது. அதைத்தான் ஸ்டுடியோ முகப்பில் மாட்டியிருக்கிறார். ஒரு பிரதி மருத்துவமனையில், முகமூடிகள் தொங்கும் அலமாரியின் கதவில் இருக்கிறது.