கெட்ட சேதி சொல்கிறவர்

கெனெஷ்பெக்குக்கு ஊரில் ஒரே ஒரு பெருமை உண்டு. யாராவது இறந்துபோனால் அதை வீட்டாரிடம் நோகாமல் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. பாத்கென் நகரத்துப் பக்கத்து மலையடிவாரத்தில் சாவுச் சேதியை வாசலில் நின்று பட்டென்று சொல்கிற வழக்கமில்லை. உள்ளே போய் உட்கார வேண்டும். தேநீர் குடிக்க வேண்டும். ஆடுகளைப் பற்றி, வாய்க்கால் தண்ணீரைப் பற்றி, இந்த உலகத்தில் எதுவும் நிலையில்லை என்பதைப் பற்றிப் பேசிப் பேசி, கேட்கிறவரே மெல்ல விஷயத்துக்கு வந்து சேரும்படி விட வேண்டும். கெனெஷ்பெக் இதில் மேதை. அண்ணன் போய்விட்ட செய்தியை ஓர் அம்மாள் கண்டுபிடிக்க நான்கு கிண்ணம் தேநீர் பிடித்தது. அழுது முடித்ததும், "எவ்வளவு பதமா சொன்னே தம்பி" என்று ஒரு பை அக்ரூட் கொடுத்து அனுப்பினார்.

இந்தத் திறமைதான் வினையாக வந்தது.

சில வருடங்களாகப் பருவத்துக்குப் புத்தி பேதலித்திருந்தது. பிப்ரவரியிலேயே வெயில் அடிக்கும். ஆப்ரிகாட் மரங்கள் அதை நம்பி அவசரமாகப் பூத்துவிடும். மார்ச் கடைசியில் ஓர் இரவு உறைபனி இறங்கும். காலையில் பூவெல்லாம் கருகி, டீத்தூள். மூன்று வருடமாக இதே கதை. கெனெஷ்பெக்கின் மனைவி புருல்சா நான்காவது வருடத்துக்குத் தயாராக இல்லை.

"இந்தத் தடவையும் காய் பிடிக்கலன்னா மரத்தை வெட்டி அடுப்புல வெச்சிடுவேன். நீங்க ரஷ்யாவுக்கு எங்க அண்ணன்கிட்ட போய் ரோட்டுல பனி அள்ளுங்க. எப்படியும் பனியாலதான் நம்ம பொழப்பு. அங்க அதுக்குச் சம்பளமாவது குடுக்கறாங்க."

அப்படியிருக்கையில்தான் நகரத்திலிருந்து, ஓர் உதவித் திட்டத்தில் வேலை செய்கிற அய்ஜமால் என்கிற பெண் வந்தாள். வந்தவள் பருவநிலை மாற்றம் பற்றி ஊரைக் கூட்டி நாற்பது படம் காட்டினாள். முப்பத்தெட்டாவது படத்தில் விஷயம் வந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஈர வைக்கோலும் சாணமும் சேர்த்து மூன்று குவியல் போட்டு வைக்க வேண்டும். உறைபனி வரப்போகிறது என்று போனில் குறுஞ்செய்தி வரும். அன்று இரவு குவியல்களைக் கொளுத்தினால் புகை தோட்டத்தின் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். ஒரு வீடு மட்டும் கொளுத்திப் பிரயோஜனமில்லை. ஊரே கொளுத்த வேண்டும்.

சிக்கல், ஊரில் சிக்னல் கிடையாது. ஊர் இடுகாடான கபர்ஸ்தான் மேட்டில் மட்டும் இரண்டு கோடு காட்டும். ஆகவே ஒருவர் அங்கே போய்ச் செய்தி பார்த்து, நாற்பத்து மூன்று வீட்டுக்கும் வந்து சொல்ல வேண்டும். யார்?

"பனி வரப்போவுதுங்கறது நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று கேட்டார் ஊர்த்தலைவர்.

"கெட்ட சேதி," என்றாள் அய்ஜமால்.

"அப்ப கெனெஷ்பெக்தான். இதுல என்ன யோசனை?"

எல்லோரும் கைதட்டினார்கள். காரணம் தெரியாமல் அய்ஜமாலும் தட்டினாள்.

மார்ச் இருபத்தாறு, மதியம் இரண்டு மணி. மேட்டில் போன் சிணுங்கியது. இன்றிரவு மைனஸ் ஐந்து. கீழே மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியது போல் நின்றன. கெனெஷ்பெக் போனைப் பைக்குள் போட்டார். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கபர்ஸ்தானிலிருந்து தலைகுனிந்து இறங்கி வந்தார்.

பட்டியலில் முதல் வீடு ஷாயிர்குல் அண்ணியுடையது. சுற்றுவட்டாரத்தில் ஒப்பாரிக்கு அவள்தான் தலைமை.

வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். "அண்ணி, இன்னிக்கு ராத்திரி" என்று வாயைத் திறக்கும்போதே முப்பது வருடப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"...ஆடெல்லாம் சௌக்கியமா அண்ணி?"

"சௌக்கியம்தான். உள்ள வா."

தேநீர் வந்தது. ரொட்டி வந்தது. வாய்க்காலைப் பற்றிப் பேச்சு வந்தது. மூன்றாவது கிண்ணத்தில் கெனெஷ்பெக் பெருமூச்சு விட்டார்.

"காலைல பூத்து நிக்கறது நாளைக்கு இருக்குமான்னு யாருக்குத் தெரியும் அண்ணி..."

அண்ணியின் கை நின்றது. "யாரு?"

"அவசரப்படாதீங்க. இன்னொரு கிண்ணம் ஊத்துங்க."

"நீ கபர்ஸ்தான்ல இருந்து இறங்கி வந்ததைப் பார்த்தேனே! யாருய்யா? ஒரோஸாலி பெரியவரா? நேத்துதான் பல்லு கட்டிக்க ஓஷ் நகரத்துக்குப் போனாரு! ஐயோ, எண்பத்து நாலு வயசுல பல்லு எதுக்குன்னு அப்பவே கேட்டேனே!"

"இல்ல அண்ணி, அதாவது..."

"ஐயோ, சொல்ல முடியாம தவிக்கிறானே!"

அடுத்த நொடி அவள் தெருவில் இருந்தாள். அவள் குரலுக்குச் சிக்னல் தேவையில்லை. அரை மணி நேரத்தில் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு சேதி, அவ்வளவுதான்.

கெனெஷ்பெக் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஒரோஸாலி பெரியவர் வீட்டு முற்றத்தில் துக்கக் கூடாரத்துக்குக் கம்பு நட்டுவிட்டார்கள். துக்கச் சாப்பாட்டுக்குப் பெரிய கொப்பரையை அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. ஓர் ஆடு தன் முறை வந்துவிட்டதை உணர்ந்து கத்திக்கொண்டிருந்தது. வாய்க்கால் தகராறில் பெரியவருடன் பதினோரு வருடமாகப் பேசாத பக்கத்து வீட்டு துர்துமாத், கம்பில் சாய்ந்துகொண்டு எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். "மலை மாதிரி மனுசனே! உனக்குத் தராத தண்ணிய நான் யாருக்குத் தருவேன்!"

"யாரும் சாகல!" என்று கத்தினார் கெனெஷ்பெக். "பனி வருது! மைனஸ் அஞ்சு! போய்க் குவியலைக் கொளுத்துங்க!"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாவம்," என்றார் ஊர்த்தலைவர். "இவ்வளவு நேரடியா இவன் பேசி நான் பார்த்ததே இல்ல. துக்கத்துல மூளை கலங்கிடுச்சு. யாராவது தண்ணி குடுங்க."

தண்ணீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தது புருல்சா. "ரெண்டு மணிக்குச் சேதி வந்துச்சு. இப்ப அஞ்சாகுது. எத்தனை வீடு சொன்னீங்க?"

"ஒண்ணு."

"அதுவும் தப்பா."

"டீ குடுத்தாங்க புருல்சா."

அவள் மலைப் பக்கம் பார்த்தாள். வானம் துடைத்து வைத்தாற்போல் மேகமில்லாமல் இருந்தது. பிறகு விறகு குவித்திருந்த மூலையில் சாய்த்து வைத்த கோடரியைப் பார்த்தாள். கெனெஷ்பெக்குக்கு மாஸ்கோ தெரிந்தது. கையில் ஒரு மண்வாரி தெரிந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தேநீர் இல்லாமல் ஒரு சாவு விஷயத்தைச் சொன்னார்.

"பெரியவர் வண்டி ஏறறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு கடைசி விருப்பம் சொல்லிட்டுப் போனாரு. 'நான் போனா, அன்னிக்கு ராத்திரி ஊர்ல ஒவ்வொரு தோட்டத்துலயும் மூணு குவியலையும் கொளுத்தணும். விடியற வரைக்கும் அணையக் கூடாது'ன்னு."

இறந்தவரின் கடைசி விருப்பத்தை மறுக்க அந்த ஊரில் யாருக்கும் துணிவு கிடையாது. காரணம் கேட்கவும் கிடையாது. நாற்பது படத்தால் ஆகாதது ஒரு வாக்கியத்தில் ஆயிற்று. துர்துமாத் தன் தோட்டத்தில் ஐந்து குவியல் போட்டுக் கொளுத்தினார். எதிரிக்குக் குறை வைத்ததாகப் பேச்சு வரக்கூடாதல்லவா?

இருட்டுகிற நேரத்தில் ஊரே புகைக்குள் மூழ்கிக்கிடக்க, ஓஷ் வேன் வந்து நின்றது. இறங்கினார் ஒரோஸாலி பெரியவர். வாய் நிறைய புதுப் பல். தன் வீட்டு முற்றத்தில் துக்கக் கூடாரம். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"உன்ன மாதிரி நியாயஸ்தன் இனி பொறப்பானா!" என்று உள்ளே துர்துமாத்தின் குரல்.

"பொறக்க மாட்டான்," என்றார் பெரியவர்.

ஷாயிர்குல் அண்ணி மயங்கி விழுந்தாள். மற்றவர்கள் பெரியவரைத் தொட்டுப் பார்த்தார்கள், பிறகு கெனெஷ்பெக்கைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை குறைவு. நாலைந்து பேர் தோட்டத்துப் பக்கம் நகர்ந்தார்கள், நெருப்பை அணைக்க.

"பெரியவரே," என்று ஊர்த்தலைவர் கேட்டார், "நீங்க செத்தா புகை போடணும்னு இவன்கிட்ட சொன்னீங்களா?"

கெனெஷ்பெக் பெரியவரின் முகத்தையே பார்த்தார். பக்கத்தில் புருல்சாவும் மூச்சுவிடாமல் நின்றாள். பெரியவர் மேட்டைப் பார்த்தார், பூத்த மரங்களைப் பார்த்தார், கடைசியில் கண்ணீர் காயாத துர்துமாத்தை நெடுநேரம் ரசித்துப் பார்த்தார்.

"சொன்னேன்," என்றார். "அந்தக் கிழக்குத் தோட்டத்துல மூணாவது குவியல் ஏன் மங்கலா எரியுது? என் சாவுன்னா அவ்வளவு இளக்காரமா?"

ஓடினார்கள். ஆடு மட்டும் பிழைக்கவில்லை. ஏற்றிய கொப்பரையை வெறுமனே இறக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். புதுப் பல்லுக்கும் வேலை கிடைத்தது.

காலையில் பக்கத்து ஊரில் பூவெல்லாம் டீத்தூள். இங்கே பாதிக்கு மேல் வெள்ளையாகவே நின்றது. ஜூனில் காய் பழுத்தது. புருல்சா மேட்டில் ஏறி அண்ணனுக்குப் போன் போட்டு, மண்வாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். அய்ஜமால் தன் அறிக்கையில், எச்சரிக்கை ஏற்பாட்டுடன் உள்ளூர் மரபுகள் சிறப்பாக இணைக்கப்பட்டன என்று எழுதினாள்.

மறு வருடம் மார்ச்சில் போன் சிணுங்கியதும் கெனெஷ்பெக் பட்டியலைப் பார்க்கவில்லை. நேரே ஒரோஸாலி பெரியவர் வீட்டுக்குப் போனார். உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். ஆடுகளை விசாரித்தார்.

"இந்த உலகத்துல எதுவும் நிலையில்ல பெரியவரே..."

"எத்தனை டிகிரி?"

"மைனஸ் ரெண்டு."

பெரியவர் புதுப் பல்லால் அக்ரூட்டை உடைத்தார். "ரெண்டுக்கெல்லாம் நான் சாக மாட்டேன். அதுக்கு துர்துமாத் செத்தா போதும். போய் அவன்கிட்ட பதமா சொல்லு."