பனிமேட்டுக்குள் போன அல்லேலூயா

அருகே வாருங்கள், கண்ணுகளா. கோட்டைக் கழற்ற வேண்டாம், இந்த அறை சூடாக நேரமாகும். நாற்காலியை இன்னும் கொஞ்சம் இப்படி இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை பனிக்குள் போய்த் தொலைந்த கதையைச் சொல்கிறேன். அழவைக்கிற கதை இல்லை. நடுவில் கொஞ்சம் தொண்டையை அடைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ட்ரென்ட் துறைமுகத்து எபிஸ்கோப்பல் கோவில் சின்னது. பெஞ்சுகள் பாதி நிறைந்தாலே ஆயரம்மா கோரினின் முகம் மலர்ந்துவிடும். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்குவதற்கு முந்தின ஞாயிறன்று நாங்கள் அல்லேலூயாவைப் புதைப்போம். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லவும் மாட்டோம், பாடவும் மாட்டோம். வாயை மட்டும் கட்டினால் போதாதென்று, அந்த வார்த்தையை எழுதிய துணியையே ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் சுருட்டி வைத்து, கோவிலின் தெற்குச் சுவரோரம் மண்ணுக்குள் இறக்கிவிடுவோம். ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் தோண்டி எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். அதை ஆர்கன் மாடத்தின் கைப்பிடியில் தொங்கவிட்டதும் ஹார்லன் பீல்ஸின் கைகள் ஆர்கன்மேல் விழும். கோவிலே அதிரும்.

துணியைத் தைத்தது ஹார்லனின் மனைவி ஈனிட். அவருடைய முதல் படகின் பழைய பாய்த்துணியில் சிவப்புக் கம்பளி எழுத்துகளை வைத்துத் தைத்திருந்தாள். ஹார்லன் வாரமெல்லாம் கடலில் கல்லிறால் பிடிப்பவர், ஞாயிறன்று ஆர்கன் வாசிப்பவர். வடக்கயிறு போன்ற அந்த விரல்கள் எப்படி ஒரே ஒரு கட்டையைத் தனியாக அழுத்துகின்றன என்று நாங்கள் எல்லாரும் வியந்திருக்கிறோம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஈனிட் போய்ச் சேர்ந்தாள். எங்கள் பக்கத்தில் அதற்குள் நிலம் கல்லாகிவிடும். குளிர்காலத்தில் இறப்பவர்கள் கல்லறைத் தோட்டத்து மேட்டிலிருக்கும் கல் அறைக்குள் மே மாதம்வரை காத்திருப்பார்கள். ஈனிட்டும் காத்திருந்தாள். அவளுக்கான ஆராதனை முடிந்ததும் ஹார்லன் ஆர்கன் மூடியைச் சாத்தினார், மாடத்திலிருந்து இறங்கினார், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குப்பின் மேலே ஏறவில்லை. கிறிஸ்துமஸை வாய்ப்பாட்டாகவே ஓட்டினோம். யாரும் அவரைக் கேட்கவில்லை.

புதைக்கும் ஞாயிறு வந்தது. பிள்ளைகள் டப்பாவோடு முன்னே போக, நாங்கள் பின்னே போனோம். தெல்மா ஆலி மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். பீடத்துத் துணி மாற்றுவது, மெழுகுவர்த்தி வைப்பது எல்லாம் பார்க்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. மண்வெட்டி இரும்பில் பட்டதுபோல் கணீரென்றது. இன்னொரு இடத்தில் போட்டாள். அங்கேயும் கணீர்.

"வருஷா வருஷம் பொலபொலன்னு இருக்குமே, இந்த வருஷம் என்ன கேடு?" என்றாள்.

பின்னாலிருந்து ஹார்லன் சொன்னார். "நவம்பர்லயே ஈனிட் குழி வெட்டி, பலகை போட்டு மூடி வச்சிருவா. நெலம் இறுகறதுக்கு முன்னாடி."

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தெற்கு வெயிலில் மண் இளகி இருக்கிறது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தோம்.

"இந்த நவம்பர்ல அவளால குனிய முடியல" என்றார் ஹார்லன்.

தெல்மாவுக்கு மௌனம் ஆகாது. "சரி, பனியும் தரைமேலதானே கெடக்கு. இங்க வச்சிருவோம்" என்று வண்டி நிறுத்துகிற இடத்தோரம் குவிந்திருந்த பனிமேட்டில் ஒரு பொந்து குடைந்தாள். டப்பாவை உள்ளே தள்ளும்போது ஹார்லன் அதன்மேல் கையை வைத்தார்.

"இது மேல வர்ற அன்னைக்கு நானும் மேல ஏறுறேன்" என்றார். ஏறுவது என்றால் ஆர்கன் மாடத்துக்கு. ஈனிட் போனபின் அந்தப் பேச்சை அவர் எடுத்தது அதுதான் முதல்முறை. ஆயரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

செவ்வாயன்று கோவில் கூடத்தில் வழக்கம்போல அப்பம் சுட்டு, மேப்பிள் பாகு ஊற்றித் தின்றோம். மறுநாள் லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு, இந்த லெந்துக்கு யார் யார் எதை விடப்போகிறோம் என்று பேசிக்கொண்டோம். சாக்லேட் என்றார் ஒருவர், ஒயின் என்றார் இன்னொருவர்.

"நான் கடைசி வார்த்தைய விட்டுட்டேன்" என்றாள் தெல்மா. "எந்தப் பேச்சானாலும் கடைசி வார்த்தை இனிமே உங்களோடது."

"பாப்போம், பாப்போம்" என்று சிரித்தோம்.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு!" என்றாள். கூடமே இன்னொரு முறை சிரித்தது.

அன்றிரவு வடகிழக்கிலிருந்து புயல் அடித்தது. காலையில் தெல்மா பீடத்தைப் பார்க்க வந்தபோது, வண்டி நிறுத்தும் இடம் துடைத்த தட்டுபோல் கிடந்தது. புதுப்பனியும் இல்லை, பழைய மேடும் இல்லை. பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிற மெர்ல் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"மெர்ல், இங்க இருந்த பனிமேடு எங்க?"

"எல்லார் வீட்டுப் பனியும் போற எடத்துக்குத்தான். பழைய சார்டீன் மீன் ஆலை மைதானத்துக்கு. ஏம்மா, திரும்ப வேணுமா? ஒரு லோடு கொண்டாந்து கொட்டட்டா?"

"அதுக்குள்ள ஒரு தகர டப்பா இருந்துச்சு."

"டப்பாவுல என்ன?"

சொல்லக்கூடாத வார்த்தை. தெல்மா வாயைத் திறந்து மூடினாள். பிறகு ஒருவழியாகப் புதைக்கிற வழக்கத்தையெல்லாம் விளக்கினாள். மெர்ல் வேறு சபைக்காரன், பாப்டிஸ்ட். பொறுமையாகக் கேட்டான்.

"எங்க சபையில அத வாயால சத்தமாச் சொல்லுவோம். நீங்க டப்பாவுல போட்டுப் பனியில செருகுறீங்க. அப்புறம் கோவில்ல கூட்டமே இல்லன்னு பொலம்புறீங்க."

வேறு நாளாக இருந்தால் மெர்ல் அதைச் சொல்லிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். தெல்மா வாயை இறுக்கிக்கொண்டு ஆயரம்மா வீட்டுக்கு நடந்தாள்.

"புதுசா ஒண்ணு தைச்சிரலாம், ஆயரம்மா" என்றாள். "அதே சிவப்புக் கம்பளி எங்கிட்ட இருக்கு. பழைய பாய்த்துணியும் யார் வீட்டுலயாவது கெடைக்கும். ஈஸ்டர் அன்னைக்கு அத எடுத்து நீட்டினா யாருக்குத் தெரியப்போகுது?"

"ஹார்லனுக்குத் தெரியும்."

"தூரத்துலேர்ந்து பாத்தா..."

"அந்தப் பாய்ல எந்தக் கிழிசலை எந்தப் புயல்ல தைச்சோம்னு அவருக்குத் தெரியும், தெல்மா. நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

லெந்துப் புதன்கிழமைகளில் எங்களுக்குக் கூடத்தில் சூப்பும் ரொட்டியும்தான் இரவுச் சாப்பாடு. அடுத்த புதனன்று பட்டாணி சூப். தெல்மா தன் கிண்ணத்தைத் தொடாமல் ஹார்லனுக்கு எதிரே நின்றாள்.

"ஹார்லன், டப்பா தொலைஞ்சு போச்சு. புயலன்னைக்குப் பனியோட பனியா அள்ளிட்டுப் போயிட்டாங்க. அங்க வச்சது நான்தான். மத்தவங்க யாரும் வைக்கச் சொல்லல."

கரண்டிச் சத்தம் நின்றது. ஹார்லன் மட்டும் நிறுத்தவில்லை. மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். ரொட்டித் துண்டால் கிண்ணத்தை வழித்தார். "மண்ணுலதான் வைக்க முடியலையே" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"கத்தியிருந்தா தாங்கிருவேன்" என்று பாத்திரம் கழுவும்போது தெல்மா என்னிடம் சொன்னாள். "இனி அவன் அந்தப் படியில ஏறமாட்டான். ஏற வந்தவன இழுத்து விட்டுட்டேன்."

விடிந்ததும் மண்வாரியை எடுத்துக்கொண்டு சார்டீன் ஆலை மைதானத்துக்குப் போனாள். ஊரின் பனியெல்லாம் அங்கே கோவில் கூரை உயரத்துக்குக் கிடந்தது, சாலை மணல் கலந்து கறுத்துப்போய். அடியில் ஹார்லனின் வண்டி நின்றது. கையில் கிளிஞ்சல் தோண்டுகிற கொத்து வைத்திருந்தார்.

"வந்துட்டியா?"

"நீ எப்ப வந்த?"

"காப்பி ஆறிப்போச்சு, பாத்துக்கோ."

"எந்தப் பக்கம் கொட்டினானாம்?"

"வடக்குப் பக்கம்ங்கறான் மெர்ல். கொஞ்சம் யோசிச்சுட்டுத் தெக்குப் பக்கம்ங்கறான். உள்ள குடையாதீங்க, மேல சரிஞ்சுரும்னு மட்டும் தெளிவாச் சொன்னான்."

இரண்டு பேரும் ஓரத்திலிருந்து செதுக்கத் தொடங்கினார்கள். மறுநாள் ஆயரம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தார். அதற்கடுத்து நான் போனேன். சூப் பானை கூடத்திலிருந்து மைதானத்துக்கு வந்துவிட்டது. மற்ற வருடங்களில் லெந்து என்றால் தியானப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, தினம் ஒரு பக்கம் படித்துவிட்டு மூடிவைப்போம். அந்த வருடம் நனைந்த கையுறையும் முதுகுவலியுமாகப் போனது. கிடைத்ததெல்லாம் ஒற்றைச் செருப்பு, தபால் பெட்டி மூடி, யாரோ வீட்டுக் கிறிஸ்துமஸ் மான்.

ஆனால் ஹார்லன் பேசினார். கொத்திக்கொண்டே பேசினார்.

"ஒரு வருஷம் ஈனிட் குழி வெட்டின எடத்தையே மறந்துட்டா. ஈஸ்டர் அன்னைக்கு விடிகாலைல பாதித் தோட்டத்தக் கெளறினோம். லில்லிக் கெழங்கெல்லாம் போச்சு. தெல்மா எங்க ரெண்டு பேரையும் திட்டின திட்டு இருக்கே!"

"நான் திட்டல. சொன்னேன்."

"கடைசி வார்த்தை, தெல்மா!"

"...சரி. திட்டினேன்."

அவர் சிரித்தார். பனிமேட்டின் மறுபக்கத்தில் நின்ற எனக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

குருத்தோலை ஞாயிறு போயிற்று, பெரிய வெள்ளியும் போயிற்று. மேடு பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது, டப்பா வரவில்லை. சனிக்கிழமை மாலை ஹார்லன் கொத்தை வண்டியில் போட்டார்.

"போதும். பனிக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"நாளைக்கு?" என்றாள் தெல்மா.

"சொன்னது சொன்னதுதான். அது மேல வரல."

கடைசி வார்த்தையைத் தெல்மா விட்டுக்கொடுத்தாள்.

ஈஸ்டர் காலையில் சிலுவைகளை மூடியிருந்த ஊதாத் துணி போய், லில்லிப் பூக்கள் வந்திருந்தன. மாடத்துக் கைப்பிடி வெறுமையாக இருந்தது. ஆயரம்மா அல்லேலூயா என்று குரல் எடுத்தார். இத்தனை நாள் அடக்கிவைத்த வாய்கள் பதில் சொல்லின. பிறகு பாட்டு. தெல்மாதான் எடுத்துக் கொடுத்தாள், கடற்காகம் கத்துகிற உயரத்தில். இரண்டாவது வரிக்கே பாதிப்பேர் சுருதி எட்டாமல் கீழே விழுந்துவிட்டோம்.

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு சுருதி வந்தது. வார்த்தை இல்லை. வெறும் "ம்ம்ம்". ஆழமாக, சரியான இடத்தில். எல்லாரும் திரும்பினோம். ஹார்லன் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ்வளவு மேல எடுத்தா எப்படி முடிப்பீங்க?" என்று பொதுவாகச் சொன்னார். "முதல்லேர்ந்து வாங்க."

முதலிலிருந்து பாடினோம். அவர் மாடத்தில் ஏறவில்லை. ஆனால் கடைசிச் சரணம்வரை சுருதியைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

வாசலில் தெல்மா அவரை மறித்தாள். "நோன்பு முடிஞ்சுது ஹார்லன். இப்ப நான் கடைசி வார்த்தை சொல்லலாம். மன்னிச்சிரு."

"நீ திட்டும்போது இன்னும் நல்லாப் பேசுவ" என்றார் அவர். "போ, போய்ச் சாப்பிடு."

மே மாதம் வந்தது. கல்லறைத் தோட்டத்து மண் இளகிவிட்டதென்று சேதி வந்தது. ஈனிட்டை அடக்கம் செய்ய ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். அந்த வாரம்தான் மெர்ல் கோவில் கதவைத் தட்டினான். கையில் ஒரு தகரம். வண்டிச் சக்கரம் ஏறித் தோசைபோல் நசுங்கியிருந்தது. சேற்றைக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தான்.

"கடைசிப் பனி இன்னைக்குக் காலைலதான் கரைஞ்சுது. இது அடியில கெடந்துச்சு. பாப்டிஸ்ட் கை பட்டதால உங்க வார்த்தை கெட்டுப்போகாதில்ல?"

"உள்ள வா, பேக்கு. காப்பி போடறேன்" என்றாள் தெல்மா.

தகரத்தை வெட்டித் துணியை எடுத்தோம். பாய்த்துணி கிழியவில்லை. சிவப்புக் கம்பளியின் சாயம் மட்டும் ஊறி இறங்கி, துணி முழுக்க விடிகாலை வானம்போல் ஆகியிருந்தது. தெல்மா அதை மடியில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஈஸ்டர் போயிருச்சே, ஆயரம்மா."

"எங்க போச்சு? பெந்தெகொஸ்தே வரைக்கும் அம்பது நாளும் நமக்கு ஈஸ்டர்தான்" என்றார் ஆயரம்மா. "நல்லாப் பிழிஞ்சு தொங்க விடுங்க."

சனிக்கிழமைவரைக்கும் கடல்மூடுபனி. துணி காயவே இல்லை. மாடத்துக் கைப்பிடியில் ஈரத்தோடு தொங்கி, பாடகர் பெஞ்சில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஈனிட்டின் பெட்டி. ஹார்லன் உள்ளே வந்தார். அண்ணாந்து பார்த்தார். நேராக மாடப்படிக்குப் போனார். ஒவ்வொரு படியும் கிறீச்சிட்டது. மூடி திறக்கிற சத்தம் கேட்டது. குளிர்காலமெல்லாம் மூடிக்கிடந்த ஆர்கன் முதலில் சளி பிடித்த கிழவன்போல் இருமியது. பிறகு பாடியது. அவளுக்காக அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு இளகிய மண்ணுக்குப் போனோம்.

அந்த நவம்பரில், நிலம் இறுகுவதற்கு முன், தெற்குச் சுவரோரம் இலை கூட்டப் போன நான் ஒரு பலகையைப் பார்த்தேன். தூக்கினால் கீழே அழகாக வெட்டிய குழி. இரண்டடி தள்ளி இன்னொரு பலகை, இன்னொரு குழி. வெட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது: ஒன்று தெல்மா வெட்டியது, ஒன்று ஹார்லன் வெட்டியது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை. பலகைகளைத் திரும்ப மூடிவிட்டு வந்துவிட்டேன்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருடைய பாட்டாவது அடங்கிக்கிடந்தால், மண் இளகும் காலத்தில் அது எழுந்து வரட்டும். தேடப்போகும்போது பக்கத்தில் நிற்க ஓர் ஆளும், அடுப்பில் சூடாக ஒரு பானை சூப்பும் உங்களுக்கு என்றும் இருக்கட்டும்.