அச்சில் முடிந்த ஆபரேஷன்

ஓவியாவுக்கு முழங்கால் சில்லு அடிக்கடி விலகும். ஓடினால், படியிறங்கினால், சில நாள் சும்மா திரும்பினாலே போதும். மதுரை அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வேல்விழி, செலவில்லாமல் ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருந்தார். பட்டாசுக் கம்பெனி முதலாளி ஜெயச்சந்திரனுக்கு அது பொறுக்கவில்லை.

"என் கம்பெனியிலே வேல பாக்குறவ மகளுக்குத் தர்ம ஆஸ்பத்திரியா? நான் இருக்கேன்லா!" என்று ஓவியாவின் அம்மா இருளம்மாளைத் தடுத்து, தன் செலவிலேயே ஆபரேஷன் என்று அறிவித்துவிட்டார்.

காலண்டர் சீசன் வந்தால் சிவகாசி அச்சகங்களில் மூச்சுவிட இடமிருக்காது. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே முதலாளியின் ஆட்கள் பாராட்டுப் போஸ்டரை அடித்து, பக்கத்து ஊர் ஆமத்தூர் வரை ஒட்டிவிட்டார்கள்: 'சிறுமியை நடக்க வைத்த செம்மலே!' ஓவியா அதுவரையும் நடந்துகொண்டுதான் இருந்தாள். போஸ்டரில் முதலாளி ஆளுயரம்; ஓவியா தபால்தலை அளவு. வாழ்த்துகள் குவிந்தன. நாளாக நாளாக முதலாளியே போஸ்டரை நம்பத் தொடங்கினார்.

"மொதலாளி, புள்ளைக்கு எப்ப ஆபரேசன்?" என்று கேட்டாள் இருளம்மாள்.

"இன்னுமா அதையே பேசுற? ஊரே வாழ்த்திருச்சு!"

"வாழ்த்திட்டாக. சில்லு இன்னும் வெலகுதே."

"வளர்ற புள்ள. எல்லாம் தானாச் சரியாப்போகும்."

முதலாளிக்கு எடுத்த பாராட்டு விழாவுக்கு டாக்டரும் வேண்டுமே. ஓவியாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த ஒரே பெயர் வேல்விழி; அவரையே அழைத்தார்கள். யார் ஆபரேஷன் செய்தார்கள் என்று பார்க்கவே அவரும் வந்தார். ஓவியாவை மேடையில் நடந்து காட்டச் சொன்னார்கள். படியேறும்போதே சில்லு விலகி, அலறிக்கொண்டு விழுந்தாள். வேல்விழி ஓடிவந்து, காலை மெல்ல நீட்டிச் சில்லை உள்ளே தள்ளினார்.

முதலாளிக்குக் கோபம். "என்ன டாக்டரம்மா, நீங்க பண்ணுன ஆபரேசன் இம்புட்டுத்தானா?"

"நான் இன்னும் பண்ணவே இல்லையே!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"வளர்ற புள்ளைக்குக் கத்தி வச்சா கால் கட்டையாயிராதா?" என்று இழுத்தார் முதலாளி.

"எலும்பு வளர்ற எடத்தத் தொடாமலே, தொடையிலேருந்து ஒரு தசைநார எடுத்துச் சில்ல இழுத்துக் கட்டிரலாம். ஒவ்வொரு தடவை வெலகும்போதும் உள்ள குருத்தெலும்பு சேதமாகுது. அதுக்கு யாரு பதில் சொல்லுவீக?"

இருளம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டாள். "டாக்டரம்மா, உங்க கார்லே எடமிருக்கா?"

"ஏறுங்க."

கார் மதுரைப் பக்கம் திரும்பியதும் ஜெயச்சந்திரன் மைக்கைப் பிடித்தார்.

"ரெண்டாவது ஆபரேசனுக்கும் நம்மதான் அனுப்பி வச்சிருக்கோம்!"

கைதட்டினார்கள்.