மூன்று அங்குல உயரம்

மலேசியாவின் ஈப்போ நகரையொட்டிய ஜெலாப்பாங் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது மெக்கானிக் பத்துமலையின் பட்டறை. 1982 நவம்பர் மழையில் ஒருநாள், காலையிலிருந்தே அவர் ஒரு பழைய ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து, அதைத் தாங்கும் இரும்பு இணைப்புகளையும் நீளமாக்கி, வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தியிருந்தார். இனி பள்ளத்திலும் சேற்றிலும் அடிப்பாகம் தட்டாது. ஈப்போ வட்டாரத்தில் இந்த வேலைக்கு அவரைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது. வண்டி உயர்ந்துவிட்டதால், சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாய் விறைப்பாக இழுபட்டு நின்றது; அறுந்தால் பிரேக் பிடிக்காது.

"அண்ணே, நீளமான குழாய் மூனு நாள்ல வந்துரும். அதுவரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றார், ஜீப்பின் சொந்தக்காரர் பழனியப்பனிடம்.

பழனியப்பன் காண்டிராக்டர். செம்மோர் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடும் குன்றுத் தோட்டம் ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்.

"மூனு நாளா? நாளைக்கே கன்னு நடணும்லா. லாரி அந்த மேட்டுல ஏற மாட்டேங்குது. குழாய் வந்ததும் நானே கொண்டாந்து விடுறேன்."

பத்துமலை தயங்கினார். அடிக்கடி வேலை கொடுக்கும் மனிதர். முகத்தை முறித்துக்கொள்ள மனமில்லை. "மெதுவா ஓட்டச் சொல்லுங்க," என்று சாவியைக் கொடுத்தார்.

குழாய் வந்தது. வண்டி வரவில்லை. போன் செய்து கேட்கலாம் என்று இரண்டு முறை நினைத்தார். அப்புறம் அதுவும் மறந்துபோனது.

பதினைந்து நாள் கழித்து, ஒன்பது பெண்களை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கிய அந்த ஜீப் நிற்கவில்லை. கீழே ஆறு. டிரைவர் சீனி வண்டியைத் திருப்பி மண்மேட்டில் மோதவிட்டார். அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. செல்லாயி என்ற பெண்ணுக்கு இடுப்பெலும்பு. மற்றவர்கள் காயங்களோடு தப்பினார்கள்.

போலீஸ் பார்த்து முடித்ததும் பழனியப்பன் ஜீப்பைப் பட்டறைக்கே இழுத்துவரச் செய்தார். பத்துமலை குனிந்து பார்த்தார். ரப்பர் குழாய் இரண்டாக அறுந்து தொங்கியது.

"சீனி தூங்கிட்டான், பிரேக்க மிதிக்கலன்னு ரிப்போட் குடுத்திருக்கேன். வேலைய விட்டும் நிப்பாட்டியாச்சு," என்றார் பழனியப்பன். "அடுத்த வாரம் பரிசோதிக்க அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள குழாய மாத்திரு. இல்லாட்டி நீயும் சேந்துதான் மாட்டுவ, மச்சான்."

பத்துமலை வண்டிக்கு அடியில் படுத்தார். அறுந்த குழாயைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார்.

மறுநாள் சீனியின் மனைவி மங்களம் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி மழையில் நடந்தே வந்திருந்தாள்.

"அண்ணே, நான் சண்டை போட வரல. மிதிச்சேன், நிக்கலன்னு அவரு சத்தியம் பண்றாரு. லயத்து வீடுகள்ல யாரும் நம்பல. நானும் நம்பல. ஆஸ்பத்திரி கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னு, ஒம்பது பொம்பளைங்களக் கொல்லப் பாத்தியேன்னு கேட்டுட்டேன். அதுலருந்து அவரு என்கிட்ட பேசுறதில்ல. வண்டியப் பாத்தவரு நீங்க. அவரு மிதிச்சாரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

பத்துமலையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மிதிச்சாரும்மா. எத்தன தடவ மிதிச்சிருந்தாலும் அந்த வண்டி நின்னுருக்காது. தப்பு என்னோடது."

மங்களம் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்று மதியமே பத்துமலை குழாயை எடுத்துக்கொண்டு விபத்து வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரியான யாழ்ப்பாணத்துக்காரர் துரைசிங்கத்திடம் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

துரைசிங்கம் அறுந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நான் எழுதினால் உமக்கும் வழக்கு வரும். யோசிச்சுத்தானோ வந்தனீர்?"

"யோசிக்க வேண்டிய நாள்ல யோசிக்கல ஐயா. இப்ப எழுதிக்குங்க."

வழக்கு வந்தது. காண்டிராக்டரோடு பத்துமலையும் நீதிமன்றத்தில் நின்று அபராதம் கட்டினார். பட்டறை சில மாதம் மூடிக்கிடந்தது. சீனிமேல் இருந்த பழி நீங்கியது. தோள் கூடியதும் அவருக்கு வேறொரு தோட்டத்தில் டிரைவர் வேலை கிடைத்தது.

தீர்ப்புக்குப் பிறகு பத்துமலை செல்லாயியைப் பார்க்க லயத்துக்குப் போனார். ஊன்றுகோல் இல்லாமல் அவளால் இன்னும் நடக்க முடியவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார்.

"வண்டி நல்லாருக்கா, இல்லையான்னு நாங்க ஒருநாளும் பாத்ததில்லப்பா," என்றாள் செல்லாயி. "பாத்தாலும் எங்களுக்கு என்ன தெரியும்? யாரோ ஒருத்தர் பாத்திருப்பாருன்னு நம்பித்தான் ஏறுவோம்."

"அந்த ஒருத்தன் நான்தான்க்கா," என்றார் பத்துமலை. "அவசரப்படுத்துற மொதலாளி அந்த வண்டியில ஏறப்போறதில்ல. ஏறுற நீங்க பட்டறைக்கு வந்து கேக்கப் போறதில்ல. அப்ப உங்களுக்காக முடியாதுன்னு சொல்ல வேண்டியவன் நான்தான். அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லாததால உங்க இடுப்பு போச்சு."