மீசை மீன்களுக்கு மணல்

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மகன் ஊருக்குக் கிளம்பிய லிஃப்ட் மெக்கானிக், தன் மீன்தொட்டியைத் தங்கை வீட்டில் கொண்டுவந்து வைத்தார். தங்கையின் கணவர் பேருந்து ஓட்டுநர்.

"ஆறே ஆறு மீன், மாப்பிள்ளை. தினம் ஒரு சிட்டிகை தீனி. வேற எதையும் தொட வேணாம்."

ஓட்டுநருக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. தொட்டியின் அடியில் கிடந்த கறுப்பு மணல் அவர் கண்ணை உறுத்தியது. ஒரு விடுமுறை நாளில் அதை வாரிக் கொட்டிவிட்டு, செடித்தொட்டி விற்கும் கடையிலிருந்து வெள்ளை வெளேரென்ற பொடிக்கல் வாங்கிவந்து பரப்பினார். கூடமே பளிச்சென்று ஆனது. மச்சான் பார்த்தால் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் மீன்கள் மூலையில் ஒடுங்கிவிட்டன. எல்லாமே தரையைக் கிளறி இரை தேடும் மீசை மீன்கள். இப்போது கிளறவே இல்லை. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, இதுங்க மீசையே தேஞ்சு போயிருக்கு!"

மச்சானின் மனைவி ஆசை ஆசையாய் வாங்கிய மீன்கள் அவை. அவள் இறந்துபோய் மூன்று வருடமாகிறது.

"இதே மாதிரி ஆறு வாங்கி விட்டுட்டா?"

"அண்ணாவுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும். பேசாம போன் போடுங்க."

போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். மச்சான் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் கல்லு மேல ரெண்டு சொட்டு வினிகர் விடுங்க."

விட்டார். கல் சுறுசுறுவென்று நுரைத்தது.

"நுரைக்குது மச்சான்."

"அப்ப சுண்ணாம்புக் கல்லுதான். தண்ணியவே மாத்திடும், அதுங்களுக்கு ஒத்துக்காது. முனையும் கூரா இருக்கும், மீசைய அரைச்சிருக்கு. கல்லு எல்லாத்தையும் வெளிய எடுங்க. ஃபில்டரைக் கழுவாதீங்க. தண்ணிய ஒரேயடியா மாத்தாதீங்க, தினம் கொஞ்சம் கொஞ்சமா."

"மணல் எப்படிப் பாத்து வாங்கறது?"

"கன்னத்துல தேச்சுப் பாருங்க. உங்களுக்குக் குத்தலைன்னா அதுங்களுக்கும் குத்தாது."

மீன் கடையில் ஓட்டுநர் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கன்னத்தில் தேய்த்தார். கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். முதல் மணல் முள்ளாய்க் குத்தியது. இரண்டாவதில், கையோடு கொண்டுபோன வினிகரை விட்டதும் நுரைத்தது. மூன்றாவது, ஆற்று மணல், மாவு போல வழுக்கியது, வினிகருக்கும் அசையவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பதினோரு வாளித் தண்ணீரில் அலசினார். கடைசி வாளியில்தான் கலங்கல் தெளிந்தது. இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினார்.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரியெல்லாம் அவர் எழுந்து எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தார். ஐந்தாம் நாள் காலை மனைவி கூடத்திலிருந்து கத்தினாள்.

"ஓடி வாங்க! இங்க பாருங்க!"

ஒரு மீன் மூக்கை மணலில் புதைத்து, செவுள் வழியாகப் புசுபுசுவென்று மணலைத் துப்பிக்கொண்டிருந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஓட்டுநர் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மச்சான் ஊன்றுகோலுடன் வந்து இறங்கியபோது ஆறு மீன்களுக்கும் குட்டி மீசை துளிர்த்திருந்தது. நாற்காலியைத் தொட்டியருகே இழுத்துப்போட்டு அவர் நெடுநேரம் பார்த்தார்.

"கோபமா மச்சான்?"

"இருந்துச்சு. நீங்க போன் பண்ணி உண்மையச் சொன்னப்பவே பாதி போயிடுச்சு."

"மீதி?"

"இருங்க, எண்ணி முடிக்கிறேன்," என்றவர், ஆறாவது மீனைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

அன்று மதியம் ஓட்டுநர் சோபாவில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். முழுசாக மூன்று மணி நேரம் குறட்டை விட்டார், யாரும் எழுப்பவில்லை.