கதவை மூடாத கேப்டன்

அது 2004ஆ 2005ஆ என்பதில் எனக்கு உறுதியில்லை. அந்த விண்வெளி டிவி தொடரின் பெயர் ‘வானோடி’ என்பதும், ஞாயிறு காலை பத்து மணிக்குத் தமிழில் வந்தது என்பதும் நிச்சயம். ஜீப் ஓட்டுநர் பிலவேந்திரன் அதற்காகவே சர்ச்சில் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்துவிடுவார்.

மற்ற நாட்களில் ராயப்பன்பட்டியிலிருந்து பதினான்கு பெண்களை ஜீப்பில் ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக மலை மேலிருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கொண்டுபோவார். தொடரில் வரும் கேப்டன் எந்தக் கிரகத்திலிருந்து கிளம்பினாலும் ஒன்பது தலைகளையும் எண்ணிய பிறகுதான் கப்பலின் கதவை மூடுவார். “எல்லாரும் ஏறியாச்சா?” என்று அவர் குரலிலேயே பிலவேந்திரனும் கேட்பார். பெண்கள் சிரிப்பார்கள். மூக்கம்மாள் மட்டும் சிரிக்க மாட்டாள். இரண்டு வருடங்களுக்கு முன், மழை இறங்கிய ஒரு மாலையில், தோட்டத்துச் சூப்பர்வைசர் அவசரப்படுத்தியதால் பிலவேந்திரன் விட்டுவிட்டு வந்தது அவளைத்தான். சோதனைச் சாவடி வரை நனைந்தபடி நடந்தவள் பதினொரு நாள் காய்ச்சலில் கிடந்தாள். பிறகும் அதே ஜீப்பில்தான் வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பாலிடெக்னிக்கில் படித்த மகன் அருண் ஜோசப், ‘வானோடி’ கேம் சிடியைத் தேனியில் வாங்கிவந்தான். பிலவேந்திரன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கேப்டனின் முகம் பிசைந்து வைத்த மாவு போலிருந்தது. குரல் வேறு யாருடையதோ. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே செம்மண். கப்பல் சேற்றில் சிக்கிய டிராக்டர் போல உறுமியது. இருந்தும் பொறுத்துக்கொண்டார். நான்காவது கட்டத்தில் இன்ஜின் தீப்பிடித்தது. ஒன்பது பேரில் ஒருவரான கிழட்டு மெக்கானிக் பாறைகளுக்கு நடுவிலிருந்து கப்பலை நோக்கி ஓடிவந்தார். கதவை மூடச் சொல்லித் திரையில் எழுத்துகள் மின்னின.

“என்டரத் தட்டுங்கப்பா.”

“ஆளு வர்றாருல்லடா.”

“அவரு வரமாட்டாருப்பா. ஓடிக்கிட்டேதான் இருப்பாரு. அவர விட்டாத்தான் அடுத்த லெவலு.”

“எந்தப் பய செஞ்சான் இத? ஒருவாட்டியாச்சும் நாடகத்தப் பாத்திருப்பானா அவன்?”

தட்டவில்லை. எட்டுப் பேரோடு கப்பல் வெடித்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் வெடித்தது. ஐந்து ஞாயிறுகள் இப்படியே போயின. “ஒங்க கப்பல வெடிச்சு முடிச்சுட்டுச் சாப்பிட வாரீகளா?” என்று மனைவி மதலேனாள் அடுப்படியிலிருந்து கத்துவாள்.

ஒரு திங்கட்கிழமை ஜீப்பில் இதைச் சொன்னார். பெண்கள் சிரித்து ஓய்ந்த பிறகு பின்னாலிருந்து மூக்கம்மாள் கேட்டாள்.

“ஏப்பா, பொம்மைக்காகக் கப்பலயே வெடிக்க விடுறயே. எனக்கு அஞ்சு நிமிசம் நிக்க முடியலயா ஒனக்கு?”

பிலவேந்திரன் கொண்டை ஊசி வளைவில் கியரை மாற்றினார்.

“நின்னுருக்கணும்க்கா. என் தப்புதான்.”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

அன்று மாலை மூடுபனி இறங்கியது. எண்ணினால் பதின்மூன்று பேர். ராஜமணியைக் காணவில்லை. சூப்பர்வைசர் பானெட்டில் தட்டினார்.

“மழை வருதுய்யா, எடு. நாளைக்கு இங்கன வண்டி ஓட்டணுமா வேணாமா?”

பிலவேந்திரன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வேணாம்னா வேணாம் சார். ஆளு வராம வண்டி நகராது.”

அரை மணி கழித்து, காலில் வெட்டுக்காயத்தோடு ராஜமணி நொண்டி வந்தாள். மூக்கம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள்.

“பதினாலு. எடுப்பா.”

அந்த வாரமே அந்தத் தோட்டத்து ஓட்டம் கையை விட்டுப் போயிற்று. பிலவேந்திரன் வேறொரு தோட்டத்துக்கு ஓட்டினார். மூக்கம்மாள் முழங்கால் வலியால் மலையேறுவதை நிறுத்திக்கொண்டாள். ராஜமணி திருப்பூருக்குப் போனாள். அருண் ஜோசப் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான்; அந்த விளையாட்டை இரண்டே நாளில் முடித்தவன், முடிவை அப்பாவிடம் சொல்லவேயில்லை. பழைய கம்ப்யூட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் அவர் பாதியில் நிறுத்திவைத்த நான்காவது கட்டத்தில் கப்பலின் கதவு திறந்தே கிடக்கிறது. மெக்கானிக் ஓடிவந்துகொண்டிருக்கிறார்.